பெட்ரோல் பங்க்ல எதைப் பாக்கணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்: உள்ள வேலை பாத்தவனோட பதில்

புதுசா கார் வாங்கின ஒருத்தர் கேட்டிருக்கார்: காலைல சீக்கிரமா போய் போட்டா பெட்ரோல் கூட வருமா, 500, 1000-னு ரவுண்டா சொல்லாம 520, 1010-னு சொன்னா ஏமாத்த முடியாதா, வெயில் காலத்துல ஃபுல் டேங்க் அடிச்சா ஆபத்தா, பழகினவங்க பங்க்ல என்னதான் கவனிப்பீங்க? வீட்ல ஒரு பழைய ஸ்கூட்டரும் இருக்காம், அதுக்கும் சேத்து சொல்லச் சொல்லியிருக்கார். நான் திருச்சி ஹைவேல ஒரு பங்க்ல ஷிப்ட் சூப்பர்வைசரா இருந்தவன், இப்ப சேல்ஸ் வேலை, ஊர் ஊரா கார்லதான் சுத்துறேன், அதனால நாசில் புடிக்கிறவங்க பக்கமும் தெரியும் காசு குடுக்குறவங்க பக்கமும் தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஜனங்க பயந்து பயந்து பண்ற விஷயங்கள்ல முக்காவாசியால ஒரு பைசா மிச்சமாகுறதில்ல. காசு போறது நம்ம கண்ணு மீட்டரை விட்டு விலகுற அந்த அரை நிமிஷத்துலதான். அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால சரியாயிடும், அதனால அதுலேந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்க காரை நிறுத்தி 1000 ரூபாய்க்கு போடுங்கன்னு சொல்றீங்க. ஒருத்தர் நாசிலை மாட்டுறார், இன்னொருத்தர் உங்க ஜன்னல் பக்கம் வந்து கேஷா கார்டா சார்னு கேக்குறார், அப்புறம் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி இதை ஊத்தினா மைலேஜ் ஏறும் சார்னு பேச ஆரம்பிக்கிறார். நீங்க அவருக்கு பதில் சொல்லிட்டிருக்கும்போது மெஷின் 200-ல நின்னுடுது. "சார் 200-னு காதுல விழுந்துச்சு, பரவால்ல சார், மீதி 800 போட்டுடறேன்"னு சொல்வாங்க. நீங்களும் சரிங்கன்னுடுவீங்க. இப்ப மெஷினை ஜீரோ பண்ணாம, நின்ன 200-லேந்தே ஓட விட்டு 800-ல நிறுத்திடுவாங்க. நீங்க திரும்பிப் பாக்குறீங்க, மீட்டர்ல 800 இருக்கு, முன்னாடி ஒரு 200, ஆக மொத்தம் 1000-னு மனசுல கணக்கு சரியா வருது, காசைக் குடுத்துட்டு கிளம்பிடுவீங்க. உள்ள போனது மொத்தமே 800-க்குதான்.

இந்தியா பூரா ரொம்ப காலமா நடக்குற வேலை இது, எல்லா பங்க்லயும் இல்ல, ஆனா ஹைவேல, குடும்பத்தோட போற வெளியூர் வண்டி, ஏசி போட்டு ஜன்னல் ஏத்தி உக்காந்திருக்கிற வண்டின்னா வாய்ப்பு அதிகம். இதுக்கு மருந்து சுலபம். நடுவுல நின்னுச்சுன்னா, சரிங்க இந்த 200-க்கு பில்லு குடுங்க, காசை வாங்கிக்கோங்க, அப்புறம் ஜீரோலேந்து புதுசா 800 போடுங்கன்னு சொல்லிடுங்க. சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், இவ்வளவு சொன்னாலே அங்க மேட்டர் முடிஞ்சுது. இன்னும் நல்லது காரை விட்டு இறங்கி மெஷின் பக்கத்துல நிக்கிறது. நான் மழையில கூட இறங்கிடுவேன், மேலதான் கூரை இருக்கே.

பைக்குக்கு இதோட சின்ன வடிவம் ஒண்ணு இருக்கு. முன்னாடி வண்டிக்கு 50 ரூபாய்க்கு போட்டிருப்பாங்க, ஜீரோ பண்ணாம உங்க டேங்க்ல நாசிலை வச்சு 50-லேந்தே ஓட விடுவாங்க. கூட்ட நேரத்துல வேணும்னே பண்ணாமலும் இது நடக்கும். அதனாலதான் நல்ல பங்க்ல "ஜீரோ பாத்துக்கோங்க"ன்னு அவங்களே சொல்லுவாங்க. சொன்னா தலையை மட்டும் ஆட்டாம நிஜமாவே பாருங்க. அதே பார்வைல லிட்டர் விலையையும், எந்த பெட்ரோல்னும் பாத்துடலாம், ஏன்னா சாதா கேட்டு பிரீமியம் போட்டு விடுறதும் நடக்கும், அது லிட்டருக்கு பல ரூபாய் கூட.

இப்ப ரவுண்டு நம்பர் கதைக்கு வரேன். 100, 200-க்கு பட்டனை முன்னாடியே செட் பண்ணி வச்சிருப்பாங்க, அதனால 110-னு கேட்டா தப்பிச்சுக்கலாம்னு ஒரு நம்பிக்கை. மெஷினுக்குள்ள எண்ணெய் ஓட ஓட ஒரு மீட்டர் சுத்தும், அந்த சுத்தை பல்சர்னு ஒரு சின்ன எலக்ட்ரானிக் பாகம் எண்ணி டிஸ்ப்ளேக்கு அனுப்பும், ரூபாயா மாத்துறது அதுக்கப்புறம் நடக்குற வெறும் பெருக்கல் கணக்கு. அளவுல கை வைக்கணும்னா அந்த எண்ணிக்கைலதான் கை வைக்கணும், அப்படி வச்சா 100-க்கும் குறையும் 110-க்கும் குறையும் 2.37 லிட்டருக்கும் குறையும். 2017 ஏப்ரல்ல லக்னோல உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப்படை ரெய்டு பண்ணி, மெஷினுக்குள்ள சிப் வச்சு ரிமோட்ல அளவைக் குறைச்ச பங்க்குகளைப் பிடிச்சாங்க, 2020-ல தெலங்கானா, ஆந்திரா பக்கமும் அதே மாதிரி சிப் கேஸ் வந்துச்சு. இந்த சிப்புக்கு நீங்க என்ன நம்பர் சொல்றீங்கங்கறது ஒரு பொருட்டே இல்ல. அதே சமயம் 520-னு கேக்குறதுல நஷ்டமும் இல்ல, மனசுக்கு திருப்தின்னா கேட்டுக்கோங்க, ஆனா அதை நம்பி மீட்டரைப் பாக்காம இருந்துடாதீங்க.

மீட்டர் ஜீரோலேந்து டக்னு 5, 8-னு குதிக்குது, அது சீட்டிங்னு ஒரு வாட்சப் மெசேஜ் சுத்துது இல்லையா. கணக்கு போட்டுப் பாருங்க. காருக்கு நாசிலை முழுசா திறந்தா நிமிஷத்துக்கு சுமார் 30 லிட்டர் ஓடும், அப்படின்னா செகண்டுக்கு அரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா செகண்டுக்கு 50 ரூபாய். 5 ரூபாய்ங்கறது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு, கண்ணு சிமிட்டுற நேரம் கூட இல்ல. 1, 2, 3-னு ஒவ்வொண்ணா பாக்கணும்னு எதிர்பார்த்தா எந்த மெஷினும் திருட்டு மெஷினாத்தான் தெரியும். அந்தக் காலத்து மெக்கானிக்கல் மீட்டர்ல சக்கரம் மெதுவா உருளும், அதைப் பாத்துப் பழகின கண்ணுக்கு இது சந்தேகமா படுறது இயல்புதான்.

காலைல போட்டா அதிகம் வருங்கறது. பெட்ரோல் சூட்டுல விரியும்ங்கறது உண்மை, ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.1 சதவீதம். ஆனா பங்க்ல பெட்ரோல் இருக்கிறது மண்ணுக்கு அடியில புதைச்ச டேங்க்ல, அங்க காலைக்கும் மத்தியானத்துக்கும் வெப்பநிலை பெருசா மாறாது. ஒரு டிகிரி மாறுச்சுன்னே வச்சுக்கோங்க, 10 லிட்டருக்கு 10 மில்லி, ஒரு ரூபாய். அதுக்காக தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். விலை மாறுற நேரம் காலைல 6 மணி, 2017 ஜூன் 16-லேந்து நாடு முழுக்க தினசரி விலைன்னு வந்ததுலேந்து இப்படித்தான், ஆனா அதுவும் ஏறும்னு தெரியுமா இறங்கும்னு தெரியுமா, காத்திருந்து ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஆனா காலைல போறதுல ஒரு லாபம் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. முறையா நடத்துற பங்க்ல காலைல வியாபாரம் ஆரம்பிக்கும்போது ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு 5 லிட்டர் அளவு, இன்னொண்ணு டென்சிட்டி, அதாவது பெட்ரோலோட அடர்த்தி. நீங்க அந்த நேரத்துக்கு போனா கண்ணாலயே பாக்கலாம்.

5 லிட்டர் அளவுன்னா அரசு முத்திரை குத்தின ஒரு உலோகக் கேன், எல்லா பங்க்லயும் கட்டாயம் இருக்கணும். எந்த கஸ்டமர் வேணாலும் எனக்கு அளந்து காட்டுங்கன்னு கேக்கலாம், அது உரிமை, உபகாரம் இல்ல. நாங்க எப்படிப் பண்ணுவோம்னா முதல்ல ஒரு தடவை கேனை நிரப்பி காலி பண்ணி, கேனோட உள்பக்கத்தை நனைச்சுடுவோம், காஞ்ச கேன்ல அளந்தா சுவர்ல ஒட்டுற பெட்ரோல் அளவுல குறையா தெரியும். அப்புறம் மீட்டரை ஜீரோ பண்ணி சரியா 5.00 லிட்டர் விட்டு, சமமான தரைல வச்சு மட்டம் பாக்கணும். டீசல்னா நுரை அடங்குற வரைக்கும் காத்திருக்கணும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் கூடவோ குறையவோ இருக்கலாம்னு சட்டமே அனுமதிக்குது, அதாவது 0.5 சதவீதம். அதைத் தாண்டி குறைஞ்சா அந்த நாசில்ல விற்பனையை நிறுத்தணும். அளந்த பெட்ரோல் திரும்ப அவங்க டேங்க்குக்கே போயிடும், உங்களுக்கு செலவு கிடையாது. ஒரே விஷயம், கூட்டம் இல்லாத நேரமா பாத்து கேளுங்க, பின்னாடி இருபது வண்டி ஹாரன் அடிக்கும்போது யாரு அளந்தாலும் ஒழுங்கா அளக்க மாட்டாங்க. கேன் இல்லன்னோ, இப்ப முடியாதுன்னோ ஒவ்வொரு தடவையும் சொல்ற பங்க்னா அந்தப் பக்கம் போறதை விட்டுடுங்க.

டென்சிட்டிங்கறது மெஷின்ல அல்லது போர்டுல எழுதியிருக்கும், பெட்ரோலுக்கு 15 டிகிரி வெப்பநிலைக்கு மாத்தின கணக்குல ஒரு கன மீட்டருக்கு 720-லேந்து 775 கிலோவுக்குள்ள. நிறைய பேர் அந்த நம்பரை உத்துப் பாத்துட்டு 750-னா நல்ல பெட்ரோல், 735-னா மட்டம்னு முடிவு பண்றாங்க. அப்படி இல்ல. லாரி லோடு வரும்போது சலான்ல ஒரு டென்சிட்டி போட்டிருக்கும், பங்க்ல ஜாடியில எடுத்து அடர்த்தி அளக்குற ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் விட்டுப் பாத்து, சார்ட் வச்சு 15 டிகிரிக்கு மாத்தினா அது சலானோட 3 யூனிட் கூடக் குறைய ஒத்துப் போகணும். அதைத் தாண்டினா நடுவுல எதையோ கலந்திருக்காங்கன்னு சந்தேகம். அதனால நம்பர் பெருசா சின்னதாங்கறது மேட்டர் இல்ல, லோடுல வந்தது இப்பவும் அதேதானாங்கறதுதான் மேட்டர். இன்னொரு சோதனை ஃபில்டர் பேப்பர். நாசில் முனையைத் துடைச்சுட்டு பேப்பர்ல ஒரு சொட்டு விட்டா ரெண்டு நிமிஷத்துல காஞ்சு போய் கறை இல்லாம இருக்கணும், எண்ணெய்ப் பிசுக்கா ஒரு வட்டம் நின்னா கலப்படம். பேப்பர் அவங்கதான் குடுக்கணும், கேட்டா குடுப்பாங்க.

இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் பண்ண முடியாது, நானும் பண்றதில்ல. நான் பண்றது, பெரும்பாலும் ரெண்டு மூணு பங்க்லயே மாத்தி மாத்தி போடுறது, நாசில் தானா நிக்கிற வரைக்கும், அதாவது ஆட்டோ கட் வரைக்கும் நிரப்பி கிலோமீட்டரை ட்ரிப் மீட்டர்ல குறிச்சுக்கறது, அடுத்த தடவை அதே மாதிரி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிச்சுதுன்னு பாக்குறது. ஒரு தடவை குறைஞ்சா ட்ராஃபிக்கா இருக்கும், டயர் காத்தா இருக்கும். ஒரே பங்க்ல போட்டா மட்டும் திரும்பத் திரும்ப குறையுதுன்னா அந்த பங்க்ல ஏதோ இருக்கு. ரிமோட் சிப்பு வச்சிருக்கவங்க அளந்து காட்டச் சொன்னா ஆஃப் பண்ணிட்டு அளந்து காட்டிடலாம், ஆனா உங்க மைலேஜ் நோட்டுகிட்ட அந்த வேலை பலிக்காது.

ஃபுல் டேங்க் அடிச்சா வெடிக்கும்ங்கறது ஒவ்வொரு சித்திரை வெயிலுக்கும் திரும்ப வர மெசேஜ். இந்தியன் ஆயில் பேரைப் போட்டே சுத்துது, அவங்களே அது பொய்னு மறுப்பு குடுத்திருக்காங்க. பெட்ரோல் தானா பத்திக்கணும்னா 250 டிகிரிக்கு மேல சூடு வேணும், வேலூர் வெயில்ல நிறுத்தின காரோட டேங்க்கும் அதுக்குப் பக்கத்துல கூடப் போகாது. விரியறதுக்கு இடம் விட்டுத்தான் டேங்க்கை டிசைன் பண்றாங்க. பண்ணக் கூடாதது வேற ஒண்ணு. நாசில் முனைல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், டேங்க் நிரம்பி பெட்ரோல் அந்த ஓட்டையை மூடினதும் உள்ள காத்து இழுக்குறது தடைபட்டு வால்வு டக்குனு மூடிக்கும், அந்த சத்தம் கேட்டிருப்பீங்க. அதோட நிறுத்திடணும். "ரவுண்டு பண்ணிடலாமா சார்"னு இன்னும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி கழுத்து வரைக்கும் நிரப்பினா, ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரிப்பெட்டி ஒண்ணு கார்ல இருக்கு, அதுக்குள்ள பெட்ரோலே போயிடும், அது கெட்டா மாத்த நல்ல செலவு. 1,940-ல நின்னா 1,940 குடுங்க, யூபிஐ இருக்கிற காலத்துல சில்லறைக்காக ரவுண்டு எதுக்கு.

இதோட ஒட்டின இன்னொரு சண்டை, அடிக்கடி பாத்திருக்கேன். புத்தகத்துல டேங்க் 37 லிட்டர்னு போட்டிருக்கு, மெஷின் 40 காட்டுது, திருடன்னு கத்துவாங்க, வீடியோ எடுப்பாங்க. வண்டி கம்பெனி சொல்ற அளவு விரியறதுக்கான இடத்தையும் கழுத்துக் குழாயையும் விட்டுட்டு சொல்ற அளவு. தளும்பத் தளும்ப ஊத்தினா அதைவிட பத்து பதினைஞ்சு சதவீதம் வரைக்கும் கூடப் பிடிக்கும். அங்க நிக்கிற பையன் பாவம், அவனுக்கு இதை விளக்கவும் தெரியாது, அடி வாங்கினவங்களும் உண்டு.

அந்தப் பசங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மெஷினோட மொத்த ரீடிங்கை எழுதி கையெழுத்து வாங்குவோம், முடியும்போது மறுபடி எழுதுவோம், நடுவுல ஓடின லிட்டருக்கு கேஷ், கார்டு, யூபிஐ எல்லாம் கூட்டி சரியா வரணும். குறைஞ்சா நிறைய இடத்துல அவங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க. நாள் பூரா ஆவியைச் சுவாசிச்சுக்கிட்டு நிக்கிறவங்க, இப்ப பொண்ணுங்களும் நிறைய பேர் வராங்க, வீட்டுக்குப் போய் குளிச்சாலும் அந்த வாசனை போகாது. பேமென்ட் போயிடுச்சுன்னு ஸ்கிரீனைக் காட்டிட்டு கிளம்புற ஆளுங்களால ஒரு ஷிப்ட்ல ஐநூறு ஆயிரம் போனவங்களை நான் பாத்திருக்கேன். அதனால சவுண்டு பாக்ஸ் சொல்ற வரைக்கும் நில்லுங்க. ஏமாத்துறது பெரும்பாலும் முதலாளியோட மெஷின்லயோ ரெண்டு மூணு பேரு சேந்த கூட்டுலயோ நடக்கும், எல்லாப் பையனையும் திருடனாப் பாக்க வேண்டாம். அண்ணா, தம்பி, அம்மான்னு கூப்பிட்டு இறங்கி நின்னு பேசுற கஸ்டமருக்கு யாரும் கை நீளம் காட்ட மாட்டாங்க.

செல்போன் விஷயம். பங்க்ல போன் பேசக் கூடாதுன்னு போர்டு, அதே கம்பத்துல க்யூஆர் கோடு, எல்லாருக்கும் குழப்பம். போன் சிக்னலால தீப்பிடிச்சதுன்னு உறுதியா நிரூபணமான கேஸ் இல்ல, ஆனா பெட்ரோல் ஊத்துற நேரத்துல கவனம் போன்ல இருக்கக் கூடாதுங்கறது சரியான விதி. ஊத்தி முடிச்சு மூடி போட்டதுக்கப்புறம் நாலு அடி தள்ளி வந்து ஸ்கேன் பண்ணுங்க. நிஜமான ஆபத்து ஆவிதான். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகும், ஊட்டிக் குளிரெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல, அந்த ஆவி காத்தைவிட கனம், கீழ தரையோட படுத்துக்கிடக்கும். பைக்ல உக்காந்தபடியே டேங்க்கைத் திறந்து, முன்னாடி குழந்தையை வச்சுக்கிட்டு, வழிஞ்ச பெட்ரோல் சூடான இன்ஜின் மேல இறங்குறது இருக்கே, அதைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் நெஞ்சு பதறும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க, குழந்தையை தள்ளி நிறுத்துங்க. சிஎன்ஜி வண்டின்னா எல்லாருமே கட்டாயம் இறங்கணும், அங்க 200 பார் அழுத்தத்துல கேஸ் ஏத்துறாங்க.

புது கார்னு சொன்னதால இதைக் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். தப்பான எண்ணெய். நிறுத்தினதும் "பெட்ரோல்" இல்ல "டீசல்"னு வாய் விட்டுச் சொல்லுங்க, வெறும் 1000-னு சொல்லாதீங்க, ஒரே மாடல் ரெண்டுலயும் வருது, மூடிக்கு உள்ள ஸ்டிக்கர் இருந்தாலும் கூட்டத்துல யாரும் பாக்குறதில்ல. டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் கார் கழுத்துல சுலபமா நுழையாது, ஆனா பெட்ரோல் நாசில் ஒல்லி, டீசல் கார்ல தாராளமா உள்ள போயிடும், கெடுதலும் அதுலதான் அதிகம். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் உள்ள போனா அந்த வழவழப்பு போய் இரும்போட இரும்பு உரசி, அந்தத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும், செலவு லட்சத்துல கூட நிக்கும். தெரிஞ்ச உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியை ஆன்ல கூட திருப்பாதீங்க, நிறைய கார்ல சாவி திருப்பினதுமே டேங்க் பம்ப் ஓட ஆரம்பிச்சுடும். நியூட்ரல்ல போட்டு ஓரமா தள்ளி, மெக்கானிக்கை வரவழைச்சு டேங்க்கை முழுசா இறக்குங்க. ஸ்டார்ட் பண்ணலைன்னா சில ஆயிரத்தோட முடிஞ்சுடும். பங்க் ஆளுங்க பாதி டேங்க்தானே சார், மேல டீசல் ஊத்தினா கலந்துடும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க.

பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்னு புது கார்ல எல்லாருக்கும் குழம்பும், ஃப்யூயல் கேஜ்ல பம்ப் படத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன அம்பு இருக்கும், அது காட்டுற பக்கம்தான் மூடி.

ரிசர்வ் விளக்கு எரிஞ்சும் ஓட்டுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. பழைய கார்ப்பரேட்டர் பைக்ல குமிழைத் திருப்பினா ரிசர்வ், அதையும் தாண்டினா வண்டியை ஒரு பக்கம் சாய்ச்சு நாலு கிலோமீட்டர் போயிடலாம், எங்க தலைமுறை பூரா அப்படி ஓட்டினவங்கதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததோட பைக்கும் இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு, பம்ப் டேங்க்குக்குள்ளயே இருக்கு, சுத்தி இருக்கிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்குது. எப்பவுமே அடிமட்டத்துல ஓட்டினா பம்ப் சூடாகி சீக்கிரம் போயிடும். கால் டேங்க்குக்கு வரும்போதே போட்டுடுங்க.

லாரி லோடு இறக்கும்போது போடக் கூடாதுன்னு சொல்றது சரிதான், அடியில இருக்கிற கசடு கலங்கும், முறைப்படி அந்த டேங்க்லேந்து விற்பனையே அப்ப நிறுத்தி வைக்கணும். நல்ல மழை பெஞ்சு தண்ணி தேங்கின பங்க்கா இருந்தா ரெண்டு நாள் தள்ளிப் போங்க. நாங்க டிப் ராடுல ஒரு பேஸ்ட் தடவி இறக்குவோம், அடியில தண்ணி இருந்தா நிறம் மாறும், ஆனா எல்லாரும் ஒழுங்கா பண்றாங்களான்னு வெளிலேந்து தெரியாது. முன்னாடி தண்ணி அடியில தனியா நிக்கும், பெட்ரோல் மேல நிக்கும். இப்ப பெட்ரோல்ல எத்தனால்ங்கற ஆல்கஹால் கலந்திருக்கிறதால தண்ணி கொஞ்சம் சேந்தாலும் எத்தனால் அதை இழுத்துக்கிட்டு ரெண்டும் சேந்து பிரிஞ்சு கீழ இறங்கிடும், அது உங்க டேங்க்குக்கு வந்துச்சுன்னா வண்டி அங்கயே நின்னுடும்.

வெளியூர் போறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. புதுச்சேரில வரி கம்மி, தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு சில ரூபாய் குறைச்சல், காரைக்கால்லயும் அப்படித்தான், அதனால ஈசிஆர்ல போறவங்க அங்க போய் நிரப்பிக்கறது வழக்கம். கேரளா உள்ள போறதா இருந்தா வாளையாருக்கு முன்னாடியே போட்டுடுங்க, அந்தப் பக்கம் விலை கூட. கேரளாவுக்கு நடுவுல இருக்கிற மாஹே புதுச்சேரியோட பகுதிங்கறதால அங்க எப்பவும் பங்க் வாசல்ல லாரி வரிசை நிக்கும்.

டயருக்கு காத்து, குடிதண்ணி, கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எல்லாம் பங்க்ல இலவசமா தரணும், பெட்ரோல் போடலைன்னாலும் கேக்கலாம். பொம்பளைங்களோட நீண்ட பயணம் போறவங்க தயங்காம கழிப்பறை சாவியைக் கேளுங்க, அது பங்க் நடத்துறதுக்கான நிபந்தனைல ஒண்ணு. பூட்டியே வச்சிருந்தா, அளவு குறைஞ்சா, பில் தர மறுத்தா கம்ப்ளைன்ட் புக் கேட்டு எழுதுங்க, கம்பெனி நம்பர் போர்டுல இருக்கும், நுகர்வோர் உதவி எண் 1915. கையில பில் இருந்தாதான் அளவுப் புகாருக்கு பலம், அதனால பில் வாங்குற பழக்கத்தை மட்டும் விடாதீங்க. அளவு சம்பந்தமான புகாரை நம்ம ஊர்ல தொழிலாளர் துறைல இருக்கிற எடையளவு அதிகாரிங்ககிட்ட குடுக்கலாம், வருஷா வருஷம் மெஷினுக்கு சீல் வைக்கிறது அவங்கதான்.

கடைசியா பிரீமியம் பெட்ரோலும் உங்க ஸ்கூட்டரும். எக்ஸ்பி95, பவர், ஸ்பீடுன்னு பேரு எதுவா இருந்தாலும் ஆக்டேன் கூடன்னா பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிச்சு இன்ஜின் தட்டாம இருக்கும்னு மட்டும்தான் அர்த்தம், சக்தி கூட இருக்குன்னு அர்த்தம் இல்ல. உங்க வண்டிப் புத்தகத்துல அதிக ஆக்டேன் கேக்கலைன்னா அந்தக் காசு வீண். எத்தனால் 20 சதவீதம் கலந்ததுக்கப்புறம் சாதா பெட்ரோலோட ஆக்டேனே 95-க்கு வந்துடுச்சுன்னு பெட்ரோலிய அமைச்சகம் சொல்லுது. ஆனா அந்த எத்தனாலுக்கு ஒரு விலை இருக்கு, அதுல இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைச்சல், அதனால மைலேஜ் இறங்கும். நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையே பழைய டிசைன் கார்களுக்கு 6, 7 சதவீதம், டூவீலருக்கு 3, 4 சதவீதம் குறையும்னு சொல்லியிருக்கு. அதனால போன வருஷ மைலேஜை வச்சு உங்க பங்க் அளவுல ஏமாத்துதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, இப்ப வர மைலேஜையே புதுக் கணக்கா வச்சுக்கோங்க. 2023-க்கு முன்னாடி வந்த ஸ்கூட்டர்னா பெட்ரோல் ரப்பர் குழாய், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலுக்கு சீக்கிரம் இறுகிப் போகவோ ஊறிப் போகவோ வாய்ப்பு இருக்கு. மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தப் போறீங்கன்னா பழைய பெட்ரோலை டேங்க்லயே விட்டு வைக்காதீங்க. சீட்டுக்கு அடியில பெட்ரோல் வாசனை வந்தாலோ, குழாயை விரலால அமுக்கும்போது மெத்துனு இல்லாம விறைப்பா இருந்தாலோ அடுத்த சர்வீஸ் வரைக்கும் தள்ளிப் போடாம மாத்திடுங்க, அந்தக் குழாய் ஒண்ணும் பெரிய விலை இல்ல.